மேருவில் நின்ற ஹார்ட்பீட்

செவ்வாய், இரவு.

புது வேலையின் சொற்கள் இன்றுதான் மண்டையில் ஏறின. ஏஜென்ட் என்றால் ஒவ்வொரு கிடங்குக் கணினியிலும் உட்கார்ந்து நிலவரம் சொல்லும் சிறு நிரல். ஹார்ட்பீட் என்றால் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று அது அனுப்பும் சிக்னல். பாலிசி என்றால் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீசிலிருந்து நான் எல்லா ஏஜென்ட்டுக்கும் போடும் ஒரே உத்தரவு.

மதியம் மேரு ஊரிலுள்ள கிடங்கின் ஹார்ட்பீட் நின்றுபோனது. பாஸ் பார்ப்பதற்குள் பாலிசியை மாற்றி மாற்றிப் பார்த்தேன். அசையவில்லை. கடைசியில் அங்கே கிளார்க்காக இருக்கும் சரோஜா அக்காவுக்குப் போன் போட்டேன்.

“சாப்பிடப் போறப்ப எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணிட்டுத்தான் போவோம் லா தம்பி.”

சிரித்துவிட்டேன். ஏஜென்ட் உயிரோடு இருக்க கணினி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று விளக்கி, அதன் சுவிட்சின் மேல் டேப் ஒட்டச் சொன்னேன். நாளை டூட்டிக்கு வரும் வேறு ஆள் டேப்பைப் பிய்த்துவிட்டால்... போகட்டும்.

வீட்டில் இரவுச் சாப்பாடு முடித்தபோது அக்காவே போனில் கூப்பிட்டார். “அது இன்னும் உயிரோட இருக்கா தம்பி?”

லேப்டாப் திரையைப் பார்த்தேன். “இருக்குக்கா.”

“அப்ப சரி, நான் தூங்கப் போறேன்.”

நானும்.