தாகம் எடுத்த இடம்

டாக்டர்,

போன வாரம் கால் வீக்கத்தைக் காட்ட மகளோடு கோவில்பட்டிக்குப் போயிருந்தேன். பேரன் வயதில் ஒரு டாக்டர். கணுக்காலைத் திருப்பிப் பார்த்தவர், எலும்புக்கு மேலே சுருங்கிக் கிடந்த தழும்பைத் தொட்டு, “இது என்னம்மா, தீக்காயமா?” என்றார். நரம்புச்சிலந்தி வந்த இடம் என்றேன். உடனே நாற்காலியை இழுத்துப் போட்டுக் குனிந்துகொண்டார். “புத்தகத்துல படிச்சதோட சரி. ஒரு ஆளு கால்ல இப்பத்தான் பாக்குதேன்.” நர்சுகளையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஒரு காலத்தில் எங்கள் ஊரில் தழும்பில்லாத காலைத்தான் தேட வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளை சொன்னதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

எப்போதும்வென்றான் என்ற ஊருக்குத் தெற்கே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அப்போது நான் ஒருத்திதான் டீச்சர். அந்தப் பங்குனியில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. நான் கட்டிலில் கிடந்தேன். கணுக்காலில் கொப்புளம் உடைந்து, வெள்ளை நூல் மாதிரி ஒன்று தலைநீட்டியிருந்தது. அந்த எரிச்சல் ஊருணித் தண்ணீரில் காலை வைத்தால்தான் அடங்கும். தெருவுக்குத் தெரு இதே கதை. கரிசலில் பருத்தி வெடித்து நிற்கும் நேரம் பார்த்து ஆட்கள் விழுந்துவிடுவார்கள். எடுக்க ஆளில்லாமல் பஞ்சு காற்றோடு போகும்.

வெள்ளைச் சேலையில் நீங்கள் ஜீப்பில் வந்து இறங்கினீர்கள். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். மதுரையில் கிளினிக் வைத்துத் தருகிறேன் என்று சொன்ன அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்த நூலின் நுனியை ஒரு குச்சியில் சுற்றினீர்கள். ஒரு சுற்று, அவ்வளவுதான். “மிச்சம் நாளைக்கு. இழுத்தா அறுந்துரும், கால் சீழ் பிடிச்சிரும்.”

என் அத்தை, அதாவது என் மாமியார், வாசல்படியில் நின்றபடி சொன்னார்: “சூட்டுல நரம்பு கழண்டு வருது தாயி. காலங்காலமா வாரதுதான்.”

“நரம்பு இல்லம்மா, புழு. போன கோடையில டீச்சர் குடிச்ச தண்ணியில உள்ள போனது.”

“போன வருசம் குடிச்ச தண்ணி இன்னுமா வயித்துல கிடக்கு?”

அத்தையின் சிரிப்பில் நீங்களும் சேர்ந்துகொண்டீர்கள். பிறகு பொறுமையாக விளக்கினீர்கள். தண்ணீரில் பொடிப்பொடியாகத் துள்ளும் பூச்சியின் வயிற்றில் புழுவின் குஞ்சு இருக்கிறது. குடித்தால் உடம்புக்குள் ஒரு வருடம் வளர்ந்து காலில் வெளிவருகிறது. அந்தக் கால் ஊருணியில் இறங்கினால் மறுபடியும் குஞ்சுகளைக் கக்குகிறது. “மருந்து எதுவும் வேண்டாம். வேட்டித் துணியை ரெண்டா மடிச்சு வடிச்சுக் குடிங்க. புண்ணுக் காலோட ஊருணியில இறங்காதீங்க.”

இதற்கு ஏன் இப்படி அலைகிறீர்கள் என்று கேட்டேன். “கொல்லாத நோய்னு யாரும் எட்டிப் பாக்கல டீச்சர். ஆனா ஒரு வருசச் சோத்தை அள்ளிட்டுப் போவுதுல்லா?” என்றீர்கள்.

ஊருணிப் படிகளை இடித்து, சுற்றுச்சுவர் எழுப்பி, மேலிருந்து இறைக்க வேண்டும் என்றும் கேட்டீர்கள். ஊர்ப் பெரியவரான பெரியவீட்டு அண்ணாச்சி மறுத்துவிட்டார். “எங்க பாட்டன் கட்டின படி. நேத்து வந்தவிய சொன்னாவன்னு இடிக்கவா?”

“சரி அண்ணாச்சி. அடுத்த பங்குனிக்கு வாரேன், அப்ப பேசுவோம்” என்றீர்கள். குரலில் துளிகூடச் சந்தேகம் இல்லை.

கால் ஆறியதும் எங்கள் மேலத்தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பானைகளுக்குத் துணி கட்ட வைத்தேன். கீழத்தெரு ஒத்துக்கொள்ளவில்லை. மாதாமாதம் வந்து ஊருணித் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துப் போனீர்கள். கீழத்தெருக்காரர்களிடமும் சலிக்காமல் சொல்லிவிட்டுத்தான் போவீர்கள்.

மறுபங்குனி வந்தது. கீழத்தெருவில் ஒவ்வொருவராக விழுந்தார்கள். மேலத்தெருவில் ஒருவருக்கும் இல்லை. நான் தலைநிமிர்ந்து நடந்தேன். அப்போதுதான் எங்கள் தெருச் சுப்பம்மா மதினி முழங்காலுக்குக் கீழே கொப்புளத்தோடு வந்து நின்றாள்.

“துணியில ஓட்டை போல” என்றார் அண்ணாச்சி. கீழத்தெரு சிரித்தது. அத்தைக்கு மதினிமேல் ஆத்திரம். “வடிக்காம குடிச்சியா ஏட்டி? ஊரு முன்னால மானத்தை வாங்கிட்டியே.” மதினி பிள்ளைமேல் சத்தியம் செய்து அழுதாள்.

நீங்கள் வந்தீர்கள். வடித்தாயா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலைத் துடைத்துக்கொண்டே, “போன பங்குனியில எந்தப் புஞ்சையில பருத்தி எடுத்தீங்க?” என்றீர்கள்.

“தெக்காட்டுல.”

“அங்கன தாகம் எடுத்தா?”

“ஓடைக்குள்ள தண்ணி தேங்குற ஒரு கிடங்கு உண்டு. குனிஞ்சு கையால அள்ளிக் குடிப்போம்.”

உங்கள் கை அப்படியே நின்றது. வாசலில் கூட்டம்; அண்ணாச்சியும் நின்றார். எழுந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னீர்கள்: “சுப்பம்மா மேல தப்பு இல்ல. தப்பு என்னுது. வீட்டுப் பானைக்குத்தான் துணி கட்டச் சொன்னேன். தாகம் வீட்டுலயா எடுக்குது?”

படித்தவர் ஒருவர் கூலிப் பெண்ணுக்கு முன்னால் தன் தப்பைச் சொல்லி நாங்கள் அதுவரை கேட்டதில்லை. உங்களுக்கோ அதில் கூச்சமும் இல்லை. அந்த இடத்திலேயே மதினியிடம் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து இடுப்பில் செருகிக்கொள்ளச் சொன்னீர்கள். காட்டில் எங்கே குடித்தாலும் அதில் வடித்துத்தான்.

அண்ணாச்சி மறுநாள் காலையில் கடப்பாரையோடு ஊருணிக்குப் போனார். “தப்பை ஒத்துக்கிடுதவிய, சரின்னு சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாராம். அவர் பாட்டன் கட்டிய படியில் முதல் கல்லை அவர்தான் பெயர்த்தார். கீழத்தெருவும் துணி கட்டியது.

அதற்கு அடுத்த பங்குனியில் நீங்கள் வந்தபோது தெருவில் ஆளே இல்லை. எல்லோரும் காட்டில் இருந்தோம். வெள்ளைச் சேலையோடு கரிசல் வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி வந்து, “பாக்குறதுக்கு ஒரு சீக்காளிகூட இல்லையே” என்றீர்கள்.

“அப்ப மடியைக் கட்டிட்டு வந்து பருத்தி எடு தாயி” என்றார் அத்தை. எடுத்தீர்கள். காய்ந்த காயின் முனை குத்தி விரலெல்லாம் ரத்தம். பொழுது சாயும்வரை விடவில்லை.

பிறகு விளாத்திகுளம் பக்கம், அதற்கும் அப்பால் என்று போய்விட்டீர்கள். போன ஊரிலெல்லாம் முதலில் காட்டுக்குள் நடந்து, ஆட்கள் எங்கே தண்ணீர் குடிக்கிறார்கள் என்று பார்த்ததாகக் கடிதம் எழுதினீர்கள். நீங்கள் காலமான செய்தி தாமதமாகத்தான் எனக்கு வந்தது. அன்று நாள் முழுக்க அழுதேன். இப்போது அழுகை வருவதில்லை.

மதினியின் வாசலில் நீங்கள் சொன்னது என்னோடு வகுப்புக்குள் வந்துவிட்டது. அதற்கு மறுவாரம் பின்னக் கணக்கு கொடுத்தேன். வகுப்பு மொத்தமும் தப்பாகப் போட்டிருந்தது. வழக்கமாகப் பிரம்பை எடுத்திருப்பேன். அன்று கரும்பலகையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: “தப்பு என்னுதுதான் பிள்ளைகளா. நான் சொல்லித் தந்த விதம் சரியில்ல. முதல்ல இருந்து வருவோம்.”

கையை நீட்டிக்கொண்டு அடிக்குக் காத்திருந்த பிள்ளைகள், மெல்லக் கையை இறக்கிவிட்டுப் பலகையைப் பார்த்தார்கள். ஓய்வு பெறும் நாள்வரைக்கும் அப்படித்தான் நடத்தினேன், டாக்டர்.