ஆடிக் கிருத்திகைக்கு எத்தனை பேர்?

அன்பு மகள் மோனிஷாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. தணிகை முருகன் தயவில் நானும் உன் நைனாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அவர் வாய் மட்டும் கொஞ்சம் அதிக சுகமாகவே இருக்கிறது. அந்த டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் எப்படி இருக்கிறீர்கள்? இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் உன் நைனா பிடுங்கிக்கொண்டு கதையையே மாற்றிவிடுவார், அதனால்தான் லெட்டர்.

நீ அனுப்பிய பணத்தில் கட்டிய மாடி ஏழு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. இதற்கே ஆள் கிடைக்கவில்லை, அரக்கோணம் ரோட்டில் இன்னொரு வீடு வாங்கி வாடகைக்கு விடுவது எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டதும் நியாயம்தான். ஆள் வராமல் இல்லையடி, ஒன்பது குடும்பம் வந்தது. ஒருத்தர் சிரித்துக்கொண்டே இருந்தார், ஆகாது. ஒருத்தர் சிரிக்கவே இல்லை, அதுவும் ஆகாது. மற்றவர்களிடம் உன் நைனா ஒரே கேள்விதான், ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு உங்கள் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் வந்து தங்குவார்கள் என்று. யாரும் வரமாட்டார்கள் என்றால், திருத்தணியில் குடியிருப்பவன் வீட்டுக்கு ஆள் வராமல் இருக்குமா, பொய்யன் என்று அனுப்பிவிடுவார். வருவார்கள் என்றால் தொட்டித் தண்ணீர் என்னத்துக்கு ஆகும் என்று அனுப்பிவிடுவார். பொதட்டூர்பேட்டையில் லுங்கி வியாபாரம் செய்யும் தணிகைவேல், மனைவி சுலோச்சனாவோடு வந்தான், தங்கமான பிள்ளை. பொய் சொல்லாமல் இருபது பேர் என்றான். அவனுக்கும் அதே கதிதான். அந்தப் பெண் முகம் வாடிப் படியிறங்கியதைப் பார்த்து எனக்கு மனசே ஆறவில்லை.

போன வாரம் நீ சொன்ன அந்த அரக்கோணம் ரோட்டு வீட்டைப் பார்க்கப் போனோம். வாங்க வந்தவன் என்று சொன்னால் வெள்ளையடித்த சுவரைத்தான் காட்டுவார்கள், குடிவர வந்தவனாகப் போனால்தான் வண்டவாளம் தெரியும் என்றார் உன் நைனா. அவர் சுவரைத் தட்டினார், குழாயைத் திறந்து குடித்துப் பார்த்தார், ஒரே உப்பு. நான் பக்கத்து வீட்டில் விசாரித்தேன், மூன்று வருஷத்தில் ஐந்து குடித்தனம் மாறியிருக்கிறதாம். சரி, கிளம்பலாம் என்று நான் கண்ணைக் காட்டுவதற்குள் வீட்டுக்கார அம்மா கௌரியம்மாள், ஆடிக் கிருத்திகைக்கு உங்களுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். உன் நைனா பெருமையாக, ஆங், முப்பது பேருக்குக் குறையாது என்றார். "அப்ப வூடு தோதுப்படாதுங்க" என்று அந்த அம்மா கதவை ஒருக்களித்துவிட்டார்.

வேண்டாத வீடுதானே, வந்துவிட வேண்டியதுதானே? மனுஷர் விடவில்லை. தண்ணீர் லாரி நானே சொல்லிக்கொள்கிறேன், எங்கள் ஆட்கள் சத்தம் போடமாட்டார்கள், என்னைப் பற்றி மார்க்கெட்டில் கேட்டுப் பாருங்கள் என்று கால்மணி நேரம் கெஞ்சினார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மறுநாள் முதல் பஸ்ஸில் வெற்றிலை பாக்கோடு பொதட்டூர்பேட்டை போய்விட்டார். "இருபது பேர் வந்தா வரட்டும்பா, நீ வந்துடு" என்றாராம், சுலோச்சனாதான் சொன்னாள். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிக் குடி வந்துவிட்டார்கள்.

வந்த அன்றே சுலோச்சனா, தண்ணீரைப் பார்த்துப் பிடித்து வைக்க வேண்டும், உங்களுக்கு எத்தனை பேர் வருவாங்க என்று உன் நைனாவைக் கேட்டாள். முப்பத்திமூணு என்றார். நான் விரல்விட்டு எண்ணினேன், உன் அத்தை, பெரியப்பா குடும்பம் எல்லாம் சேர்த்து முப்பதுதான் வருகிறது. மிச்சம் மூன்று பேர் யார் என்று கேட்டால், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தொட்டி கழுவப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது மோனிஷா.

அந்த உப்புத் தண்ணீர் வீட்டை வாங்காதே, டிக்கெட்டை வாங்கு. பேரனுக்குக் காதைப் பொத்திக் குல்லா போடு. மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா பாஞ்சாலி