மதியத்தில் உறங்கும் பெட்டி

முத்தியால்பேட்டை
12 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை குழலிக்கு,

மீன் விற்கிற அஞ்சலாட்சி நம் ஊர்த் தளத்தில் எழுதியதை அழித்தது நான்தான். நேற்று மதியம் இரண்டு மணிக்கு. ஏதோ கோளாறு என்று தளத்தில் போட்டது பொய். அங்கே எழுதினால் ஊரே படிக்கும் என்பதால் உனக்கு மெயிலில் எழுதுகிறேன்.

பிரான்சுக்கு, மார்செய்க்குக் கிளம்பும்போது, "எந்தக் கம்பெனிக்காரனும் வேணாண்ணா, நம்ம ஊர்ப் பேச்சு நம்ம பெட்டியிலயே இருக்கட்டும்" என்று நம் கடையில் அந்தச் சர்வர் பெட்டியை நீ வைத்துக் கொடுத்தாய். இன்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அதில் பேசுகிறார்கள். நம் ஊர்க் கடைகளைப் போல அதுவும் ஒன்றிலிருந்து நாலு வரை யாருக்கும் எதையும் காட்டாமல் தூங்கட்டும் என்றது நான். சண்டைக்காரன்கூடச் சாப்பிட்டுப் படுத்து எழுந்தால் பாதி ஆறிவிடுகிறான்.

நேற்று ஒன்றடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அஞ்சலாட்சி எழுதியிருந்தாள்: "எங்க கனகசெட்டிக்குளம் குழாய்த் தண்ணி மஞ்சளா வருது, யாரும் குடிக்காதீங்க." நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கயிற்றுச் சுருள்மேல் சாய்ந்திருந்தேன். மேலே ஃபேன், பெட்டியில் பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று, ஊரே அதற்குள் மூச்சு விடுகிற மாதிரி. போன் வந்தது.

"மேலிடத்துலேர்ந்து பேசுறோம். அது வதந்தி. எடுத்துடுங்க."

"சரிங்க சார்."

எடுத்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டேன். எழுந்ததும் கனவென்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் அவள் எழுதியது இல்லை. எந்த ஆபீஸ், என்ன பெயர் என்று கேட்கவே இல்லை குழலி.

அண்ணன்,
தமிழ்மாறன்

மார்செய்
14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன வருஷம் தளத்தில் ஒருத்தன் கண்டபடி வசவு எழுதியபோது, இதற்கெல்லாம் ஒரு சட்டம் வந்தால் தேவலை என்றேன். நீ சிரித்தாய். "அரசாங்கத்துக் கையில கத்தரியக் குடுத்தா மொதல்ல நம்ம நாக்கத்தான் வெட்டும். எவன் வந்தாலும் எழுத்துல குடுன்னு கேப்பேன்" என்றாய். இங்கே எல்லோரிடமும் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

சட்டம் வரவில்லை. ஒரு துண்டுச் சீட்டுகூட வரவில்லை. ஒரே ஒரு குரல் போதுமாக இருந்தது உனக்கு.

அஞ்சலாட்சி தெருவில் தண்ணீர் விஷயம் வாய்ச்சொல்லாகத் தெரிந்துவிட்டது. அடுத்த தெருவில் நம் தளத்தைத்தான் பார்ப்பார்கள். அங்கே அந்தத் தண்ணீரைக் குடித்த நாலு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில். அதில் கவிநிலா, அஞ்சலாட்சியின் அக்கா மகள்.

நம் பெட்டியைப் போல இங்கே என் தோழியிடம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் அங்கே மாற்றிவிடலாம். அவரவர் சிநேகிதர் பட்டியலும் கூடவே வரும். உன் பெட்டியின் பச்சை விளக்கு காலி வீட்டில் எரியும். ஆனால் அஞ்சலாட்சி என்ன சொல்கிறாளோ அதுதான் எனக்கும். போய்க் கேள்.

வேளைக்குச் சாப்பிடு.

குழலி

முத்தியால்பேட்டை
16 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை குழலிக்கு,

போனேன். கவிநிலா எழுந்து உட்கார்ந்து இட்லி தின்கிறாளாம். மற்ற மூன்று பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அஞ்சலாட்சி மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாரு கடைக்காரரே போன் பண்ணது?"

"தெரியலம்மா."

"எங்கிட்டகூட தெரியாதவன் எத்தினியோ பேரு மீன் வெல கேக்குறான். கேட்டவொடனே கூடையத் தூக்கிக் குடுத்துடறனா?"

"பெட்டிய மூடிடறேம்மா."

"மூடிட்டா போன் பண்ணவனுக்குத்தான் நல்லது. அழிக்கிற சாவியக் குடுங்க."

கடலிலிருந்து வெயில் எழும்பி வருகிற மாதிரி கண் கூசியது. பென்டிரைவ் மாதிரி இருக்கிற அந்தச் சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். திரும்பும்போது சட்டைப்பை மட்டும் லேசாக இருந்தது.

இப்போதும் சொல்கிறேன், சட்டம் வேண்டாம். சட்டம் இருந்திருந்தால் அந்தக் குரலுக்கு ஒரு முத்திரையும் கிடைத்திருக்கும். இன்னும் சுறுசுறுப்பாக அழித்திருப்பேன். பயந்தவன் கையில் சாவி இருந்ததுதான் தப்பு. அழித்தது நான் என்று என் பெயரிலேயே தளத்தில் போட்டுவிட்டேன். நெடுமாறன் கடையில் டீ குடிக்கப் போனால், "வாங்க மேலிடம்" என்கிறான்.

அவளோடு பேசி முடித்தது இதுதான். இடமும் கரண்டும் என்னுடையது. நீக்குகிற சாவி அவளுக்கும் உனக்கும்; இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒன்றை நீக்க முடியும். எவன் கேட்டாலும் எழுத்தில் கேட்க வேண்டும், கேட்டதை அப்படியே தளத்தில் மாட்ட வேண்டும். தண்ணீர், கடல், நெருப்புச் செய்திக்கு மதியத் தூக்கம் கிடையாது. ஒன்றிலிருந்து நாலு வரை எனக்கு வருகிற போனை நான் எடுக்கக்கூடாது.

அண்ணன்,
தமிழ்மாறன்