அக்காளின் மூச்சுப் பரிசோதனையை மீண்டும் நடத்தக் கோரி

அனுப்புநர்:
குமுதா நாகையா,
14-3, செரி கெனாரி அடுக்ககம், கிள்ளான்.

பெறுநர்:
தலைமை மருத்துவ அதிகாரி,
தாமான் செரி கெனாரி சுகாதார கிளினிக், கிள்ளான்.

பொருள்: இரைப்பையில் கிருமி இல்லை என்று வந்த முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டி.

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

1. என் அக்காள் சந்திரகலா (38) தெலுக் பங்லிமா காராங்கில் கையுறைத் தொழிற்சாலை ஊழியர். பதினொரு ஆண்டுகளாக வயிற்றெரிச்சல். அமில மாத்திரையை வேலை அட்டையின் உறைக்குள்ளேயே வைத்திருப்பார். எங்கள் அப்பா இரைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்.

2. மார்ச் 10ஆம் தேதி தங்கள் கிளினிக்கில் இரைப்பைக் கிருமிக்கான மூச்சுப் பரிசோதனைக்காக அக்காள் பைக்குள் ஊதிக் கொடுத்தார். சாப்பிடாமல் வரச் சொன்னார்கள், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அன்று காலை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டார். ஏன் என்று பிறகு கேட்டேன். "ஊதுறப்போ ஏப்பம் வந்துருச்சுன்னா அந்த நர்ஸ் என்னா நெனைக்கும்லா?" என்றார்.

3. நான் வாசித்தவரை, அந்த மாத்திரை கிருமியைக் கொல்வதில்லை, அடக்கி வைக்கிறது. அதனால் பரிசோதனையில் அது தெரியாமல் போகலாம். பெரும்பாலும் சிறுவயதிலேயே வந்து, இரைப்பையின் வழுவழுப்புப் படலத்தினடியில், தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் வாழுமாம். பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு ஓயாத அழற்சி, புண். மிகச் சிலருக்கு அப்பாவுக்கு வந்தது. பிரிக்பீல்ட்ஸில் வேலை முடிந்து ரயிலில் திரும்பும்போது கண்ணாடியில் மழை வழியும். அப்பாவும் அக்காளும் நானும் ஒரே குவளையில் மைலோ குடித்த காலைகள் அதில் மிதந்து போகும். எங்களில் யாருக்குள் அது எந்தக் காலையில் குடிவந்ததோ என்று நினைத்தபடியே இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டிருக்கிறேன்.

4. முடிவு வந்த அன்று அக்காள் பக்கத்து வீட்டு புஷ்பவல்லி ஆன்டிக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் ஆறு கிலோ இளைத்துவிட்டார், விரதத்தால் என்கிறார். மறுபடி போகலாம் என்றால், "இல்லன்னு சாப்பு அடிச்சே குடுத்துட்டாங்க, நீ டாக்டரவிட பெரிய ஆளா?" என்று சிரிக்கிறார்.

5. ஆகவே, அக்காள் நம்பும் அந்தச் சாப்பு, அதாவது கிளினிக்கின் முத்திரையோடு அவரை மீண்டும் அழைத்து ஒரு கடிதம் அனுப்ப வேண்டுகிறேன். மாத்திரையை நிறுத்த வேண்டிய தேதியைத் தமிழில் குறிப்பிடுங்கள். தேவையென்றால் வாய்வழியே குழாய் விட்டும் பார்த்துவிடுங்கள். யார் மீதும் நடவடிக்கை கேட்கவில்லை.

அந்தக் கடிதத்தில் என் பெயர் மட்டும் வேண்டாம். நான் பயந்திருப்பது தெரிந்தால், அக்காள் வலியை என்னிடமிருந்து மறைக்கத் தொடங்கிவிடுவார்.

பணிவுடன்,
நா. குமுதா

இடம்: கிள்ளான்
தேதி: 17.5.2025

இணைப்பு: மார்ச் 10 பரிசோதனை முடிவின் நகல், இம்மனுவின் மலாய் மொழியாக்கம்