குறை சொல்ல ஒன்றுமில்லை

அக்டோபர் 14, செவ்வாய்

அயர்லாந்தில் ஐந்து குதிரை மருத்துவமனைகளுக்கு விண்ணப்பம் போய்விட்டது. கால்நடைச் செவிலியர் படிப்பில் எனக்குப் பாக்கி இந்தப் பத்து வாரப் பயிற்சி ஒன்றுதான். குட்டி ஈனும் பருவம் பிப்ரவரியில் தொடங்கும். தவறவிட்டால் அடுத்த வருடம்தான். அதுவரை எங்கள் ஊர் செய்னாயோகியிலேயே பூனைகளுக்கு நகம் வெட்டிக்கொண்டு கிடக்கவா? என்னால் முடியாது. முடியவே முடியாது.

பரிந்துரைக் கடிதம் தந்தது தர்யா. மூன்று வருடமாக வார இறுதிகளில் நான் வேலை பார்க்கும் லாயத்தின் மருத்துவர். இரண்டே வரி: ‘சைமி நேரத்துக்கு வருவாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.’ தர்யாவிடமிருந்து இப்படி ஒரு வார்த்தையா! தலைகால் புரியவில்லை. அறைத்தோழி பின்யாவிடம் காட்டினேன். “அடேயப்பா! உன்னைத் தலைமேல தூக்கி வச்சு ஆடியிருக்காங்களே!” என்றாள்.

நவம்பர் 3

முதல் மறுப்பு.

நவம்பர் 13, வியாழன்

நான்கு ஆயிற்று. ஒருவரும் காரணம் சொல்வதில்லை. மதிப்பெண் குறைவா? என் முகமே பிடிக்கவில்லையா? மிச்சம் ஒரே ஒரு இடம்.

நவம்பர் 20

அந்த ஒரே இடத்திலிருந்து நேர்காணல், கணினித் திரையில். ப்ரோனா என்ற தலைமைச் செவிலி. “எப்படிம்மா இருக்கே?” என்றார். “நேத்து தூங்கலை, வயிறு சரியில்லை” என்றேன். கேட்டால் உள்ளதைத்தானே சொல்ல வேண்டும்? அவர் விழித்தார்.

“உன்கிட்ட இருக்கற திறமை என்ன?” தன்னைத் தானே எப்படிப் புகழ்வது? “பெரிசா ஒண்ணுமில்லை.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு கேக்கட்டுமா? உனக்கும் அந்த டாக்டருக்கும் சண்டையா?”

“இல்லையே, ஏன்?”

“இங்கே ஒருத்தரைச் சேர்க்காதேன்னு நாசூக்காச் சொல்றதுக்குத்தான் இப்படி எழுதுவாங்க.”

ஐயோ! ஐந்து இடத்துக்கும் போனது அந்தக் கடிதம்தான்! “எங்க ஊர்ல இதுக்கு மேல யாரையும் புகழ மாட்டாங்க” என்று உளறினேன். நம்பினாரோ இல்லையோ. திங்கட்கிழமைக்குள் வேறு கடிதம் வந்தால் பார்க்கலாம் என்றார்.

நவம்பர் 22, சனி

தர்யா குதிரையின் குளம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். “‘அபாரம்’னு ஒரு வார்த்தை சேர்த்தாப் போதும்.”

“அபாரமா? யாரு, நீயா?”

“சும்மா ஒரு பேச்சுக்கு...”

“பேச்சுக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட மாட்டேன். எழுதினதே ஜாஸ்தி.”

“அப்ப மூணு வருஷமா நான் இங்க என்னதான் கிழிச்சேன்?” — கத்தியேவிட்டேன். குதிரை காதை மடக்கிக்கொண்டது. தர்யா அடுத்த குளம்பைத் தூக்கினார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். “நீயே எழுதி அவங்க பேரைப் போட்டுடுடி, யாருக்குத் தெரியப்போவுது?” என்றாள் பின்யா. எழுதியும் பார்த்தேன். மூன்றாவது வரியில் உடம்பே கூசியது. அழித்துவிட்டேன்.

நவம்பர் 24

திங்கட்கிழமையும் வந்துவிட்டது. நான் ஒன்றும் அனுப்பவில்லை. போச்சு.

நவம்பர் 26

பிப்ரவரி இரண்டாம் தேதி வந்து சேரச் சொல்லி ப்ரோனா எழுதியிருக்கிறார்! கூடவே, தர்யா திங்களன்றே அவருக்கு நேராக அனுப்பிய கடிதம்:

‘முன்பு எழுதியதில் மாற்றமில்லை. விட்டுப்போனது ஒன்று. போன மே மாதம் என் சொந்தக் குதிரையின் வயிற்றில் குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டது. எனக்குக் கை ஓடவில்லை. நான் கூப்பிட்டது சைமியை. அந்தக் குட்டி இப்போது ஓடுகிறது.’

நவம்பர் 29, சனி

நன்றி சொன்னேன். “நடந்ததை எழுதினேன், அவ்வளவுதான்” என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 11

இங்கே என் கையில் பிறந்த முதல் குட்டி. அபாரம், அற்புதம் என்று ப்ரோனா எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிக்கொண்டார். எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. தர்யாவுக்குப் படம் அனுப்பினேன்.

சாயங்காலம் பதில் வந்தது: ‘பரவாயில்லை.’

பத்துத் தடவையாவது படித்திருப்பேன்.