வலது பக்கத்து வயரில் வந்த குரல்

என் வதனிக்கு,

உம்முடைய ஆண்டுத் திவசம் நேற்று முடிந்தது. வந்த சனம் எல்லாம் போய்விட்டது. வாடகைக் கதிரைகளை இன்று காலை வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது வீட்டில் நானும் உம்முடைய அம்மாவும் மட்டும்தான்.

முப்பத்தோராம் நாளுக்கு உம்முடைய நினைவாக அடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் உம்மைப் பற்றி நல்ல நல்ல சொல்லாகப் போட்டிருந்தார்கள். அடக்கம், பொறுமை, விருந்தோம்பல். எந்தப் பெண் இறந்தாலும் அதே சொற்களைப் போடலாம். நீர் ஆயுள் முழுக்கக் கழற்றிப் பூட்டிய டிவிடி பிளேயரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அந்த வரியை நான்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது. இந்தக் கடிதத்தை நாலுபேர் வாசிக்கப் போகிறார்கள். கூச்சப்பட வேண்டாம்.

மீள்குடியேறி வந்த பிறகு கிளிநொச்சியில் ரேடியோ, ரிவி திருத்தப் படித்தீர். அதற்குப் பிறகு உருத்திரபுரத்தில் யாருடைய டிவிடி டெக் ஓடாவிட்டாலும் எங்கள் முன்னறை மேசைக்குத்தான் வரும். நீர் திருத்துவதோடு விடமாட்டீர். நன்றாக ஓடுகிற டெக்கையும் மூடி கழற்றி வைத்துக்கொண்டு, அதை இன்னும் நல்லதாக்கப் பார்ப்பீர்.

"படம் தெரியுது, சத்தம் கேக்குது. இனி என்னப்பா வேணும்?" என்று கேட்பேன்.

"தெரியிறது வேற, வடிவாத் தெரியிறது வேற" என்பீர். தலை நிமிராது.

அது யாருக்காக என்று எனக்குத் தெரியும். உம்முடைய தம்பி நிரோசனுக்காக.

எங்கள் கலியாணத்துக்கு அடுத்த நாள். வாடகைக்கு எடுத்த சமையல் கிடாரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. நிரோசன் பாயை விட்டு எழும்பவில்லை. வேலைவெட்டி இல்லாமல் திரிந்த பிள்ளை மேல் உம்முடைய அம்மாவுக்கு, என் மாமிக்கு, இருந்த கோபமெல்லாம் அன்றைக்குச் சேர்ந்து வந்தது. "இப்பிடிக் கிடந்து என்ர உயிரை எடுக்காமல் எங்கையாவது துலைஞ்சு போ!" என்று கத்தினா. முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. மறுநாள் விடிய அவன் இல்லை.

அவனும் சிநேகிதன் செல்வாவும் வெளிநாட்டுக்குப் போகிற படகில் ஏறிவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தப் படகு எங்கேயும் கரை சேர்ந்ததாக இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மாமி யாரையும் ஏசியதில்லை. மாடு பயிருக்குள் இறங்கினாலும் கையைத்தான் வீசுவா. "என்ர வாய்தான் அவனைத் துரத்தினது" என்று ஒரே ஒருமுறை உம்மிடம் சொன்னா. அன்றைக்குத்தான் எங்கள் கலியாண டிஸ்க்கை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி நிறுத்திப் பார்க்கத் தொடங்கினீர்.

தாலி கட்டி முடிந்து, சாப்பாட்டுப் பந்தி தொடங்கும் முன் ஓர் இடம். மண்டப வாசலில் நிரோசனும் செல்வாவும் நின்று கதைக்கிறார்கள். கமரா அவர்களைக் கடந்து மெல்ல நகர்கிறது. நிரோசனின் வாய் அசைவது தெரியும். சொல் ஒன்றும் கேட்காது. மேளமும் நாதஸ்வரமும் மூடிவிடும். அதற்கு மேல் டெக்கின் இரைச்சல் வேறு.

"அவன்ர முகத்தைப் பாருங்கோ. இது சும்மா கதை இல்லை" என்றீர்.

முதலில் படத்தைச் சரி செய்தீர். டெக்கில் இருந்து ரிவிக்கு ஒரே ஒரு மஞ்சள் வயரில்தான் படம் போகிறது, நிறமெல்லாம் அதற்குள் கலந்து கலங்கிவிடுகிறது என்றீர். உள்ளே இருக்கிற சிப் அதை மூன்று வயராகப் பிரித்துக் கொடுக்கக்கூடியதாம். மலிவு டெக் என்பதால் அந்த மூன்று வயரையும் செருகுவதற்கு இடம் வைக்காமல் விட்டிருக்கிறார்களாம். பழுதான இன்னொரு டெக்கில் இருந்து அதைக் கழற்றி எடுத்து இதில் பற்ற வைத்தீர். அன்று நிரோசனின் சேட்டுக் கோடு தெரிந்தது. மேலுதட்டில் அரும்பின மீசை தெரிந்தது. ரிவிக்குக் கிட்டப் போய் நின்று அழுதீர். நான் உமக்குப் பின்னால் நின்றேன். தோளைத் தொடலாமா விடலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

சத்தம் லேசில் மசியவில்லை. உப்பிப்போன கப்பாசிற்றர்களை மாற்றினீர். கரண்ட் வருகிற பகுதிதான் இரைகிறது என்று, அதை மட்டும் வெளியே இழுத்து ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் வைத்தீர். ஒரு டெக் புகைந்து செத்தது. கறி அடிப்பிடித்துவிட்டது என்று மாமி குசினிக்கு ஓடினா. இரைச்சல் போன பிறகும் மேளம் போகவில்லை. வருஷக்கணக்காக நீர் விடவில்லை. ஊரெல்லாம் போனில் படம் பார்க்கத் தொடங்கிவிட்டது. சனம் எறிந்த டெக்கெல்லாம் உதிரிப் பாகங்களாக எங்கள் அலுமாரிக்குள் வந்து சேர்ந்தது.

ஒரு மத்தியானம், நான் வயலால் வந்து கால் கழுவிக்கொண்டு நின்றேன்.

"இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ!"

சேற்றுக் காலோடு ஓடிவந்தேன். நீர் ரிவிக்குப் பின்னால் வயர்களைப் பிடித்தபடி நின்றீர்.

"இடது பக்கத்தில மேளக்காரற்ற மைக். வலது பக்கத்தில கமராவின்ர மைக். வீடியோக்காரன் வேற வேறயாத்தான் எடுத்திருக்கிறான். இந்த டெக்தான் உள்ளுக்கு ரெண்டையும் ஒண்டாக் கலந்து அனுப்பியிருக்கு. நான் பிரிச்சுப்போட்டன்."

இடது வயரைக் கழற்றினீர். மேளம் எங்கேயோ தூரத்துக்குப் போனது. அந்த இடத்தில் நிரோசனின் குரல் வந்தது.

"நாளையிண்டைக்கு விடிய வெளிக்கிடுறம் மச்சான். எல்லாம் சரி."

"அம்மாக்குச் சொன்னனியோ?"

"இல்லை. சொன்னா விடமாட்டா."

"அக்காக்கு?"

"அக்கா இண்டைக்குச் சிரிச்சுக்கொண்டு நிக்கட்டும்."

அவ்வளவுதான். கமரா நகர்ந்து மணவறைக்கு வந்தது. அங்கே நீர் சிரித்துக்கொண்டு நின்றீர்.

டெக்கை நிறுத்திவிட்டு நிலத்தில் இருந்துவிட்டீர். பிறகு நீர்தான் சொன்னீர்: "அம்மா ஏசினது அடுத்த நாள். அவன் அதுக்கு முதலே முடிவெடுத்திட்டான். அம்மா இதைக் கேக்கவேணும்."

"தாங்குவாவோ?"

"இவ்வளவு நாளும் தாங்கினதை விடவோ?"

மாமி எங்கள் கலியாண டிஸ்க்கை ஒருநாளும் பார்க்கச் சம்மதித்ததில்லை. நீர் அவவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினீர். "அம்மா, ஒருக்கா இருங்கோ. தம்பி கதைக்கிறான்" என்றீர். மாமி ரிவியைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டா.

"திருப்பிப் போடு."

போட்டீர்.

"இது எப்ப எடுத்தது?"

"கலியாணத்தண்டு அம்மா. பந்திக்கு முன்னம்."

"அப்ப, நான் ஏசினதுக்கு முதல் நாள்."

"ஓம் அம்மா."

"அப்ப நானில்லை" என்றா மாமி. யாரிடமும் சொல்லாத மாதிரி, மெல்லமாக. பிறகு எழும்பி ரிவிக்கு முன்னால் போய் நின்றா. "பாவி! ஒரு சொல் சொல்லியிருந்தா உன்ர காலைக் கட்டிக்கொண்டு கிடந்திருப்பனேடா!" என்று கத்தி அழுதா. இந்த வீட்டில் அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவவின் குரல் உயர்ந்தது அன்றுதான். நீர் மாமியைக் கட்டிப் பிடித்துக்கொண்டீர். நான் முற்றத்துக்குப் போய்விட்டேன்.

அன்று இரவு மாமி இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. நீர் என்னைப் பார்த்தீர். அவ அப்படிச் சாப்பிடுவதைப் பார்க்கத்தான் இவ்வளவு வருஷமும் அந்த மேசையில் குனிந்திருந்தீர் என்று நினைத்தேன்.

அந்த மாரியிலேயே உமக்குக் காய்ச்சல் வந்தது. வரம்பு கட்ட என்னோடு சேற்றுக்குள் இறங்கினீர், எல்லாரும்தான் இறங்கினோம். தடிமன் காய்ச்சல் என்றீர். கண் மஞ்சளாகிச் சிவந்த பிறகு ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள். டொக்டர்மார் தங்களால் ஏலுமானதைச் செய்தார்கள். கடைசியாகத் தெளிவாகக் கதைத்த பொழுது, "அம்மாவைத் தனிய விட்டிட்டு இஞ்ச நிக்காதேங்கோ, வீட்டை போங்கோ" என்றீர். நான் போகவில்லை. நீர்தான் போனீர்.

மாமிக்கு நான்தான் போய்ச் சொன்னேன். அவ அழவில்லை. "பிள்ளையும் எனக்குச் சொல்லாமல் போட்டாளோ?" என்று மட்டும் கேட்டா.

போன மாதம்தான் துணிந்து அந்த டெக்கைப் போட்டேன். உம்முடைய குரல் எங்கேயாவது கிடக்குமா என்று தேடினேன். உம்முடைய குரலை நாங்கள் ஒருநாளும் பதிந்து வைக்கவில்லை. போனில்கூட இல்லை. கலியாண வீட்டில் பொம்பிளை எங்கே கதைப்பது? முழு டிஸ்க்கிலும் தலை குனிந்தபடிதான் இருக்கிறீர்.

ஒரே ஓர் இடம். நான் தாலி முடிச்சுப் போடுகிற நேரம் உம்முடைய உதடு அசைகிறது. நீர் பற்ற வைத்த அந்த மூன்று வயரால் அது அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. இடது வயரைக் கழற்றிப் பார்த்தேன். பிறகு வலதைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டிலும் கெட்டிமேளம்தான். என்ன சொன்னீர்? கடவுளிடம் சொன்னீரா, என்னிடம் சொன்னீரா? நிரோசனின் கதையை எடுத்துத் தந்த உமக்கு உம்முடைய கதையை எடுத்துத் தர நான் என்ன செய்ய? எனக்குப் பற்ற வைக்கிற அயனைப் பிடிக்கவும் தெரியாது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் அண்ணா கனடாவில் இருந்து போன் எடுத்தவர். "பிள்ளைகுட்டியும் இல்லை. இனி அங்க உனக்கு என்ன கிடக்கு? வா, நான் கூப்பிடுறன்" என்றார். போன் சத்தம் கூடுதலாக இருந்தது. மாமிக்குக் கேட்டுவிட்டது என்று எனக்குத் தெரியாது.

இன்று காலை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"தம்பி, போறதெண்டா எனக்குச் சொல்லிப்போட்டுப் போங்கோ. நான் மறிக்கமாட்டன்."

எழும்பிப் போய் அவவின் கையைப் பிடித்தேன். மருமகன் மாமியாரின் கையைப் பிடிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. இருந்தும் பிடித்தேன்.

"நான் ஒரு இடமும் போகேல்லை மாமி. வாய்க்காலில தண்ணி திறக்கப் போறாங்கள். விதைப்புக் கிடக்கு."

மாமி தலையை ஆட்டினா. கையை இழுக்கவில்லை.

அண்ணாவுக்குச் சொல்லிவிட்டேன். மாமி இருக்கும்வரை இந்த வீட்டில் நான் இருப்பேன். காலையில் அவ கண் விழிக்கும்போது குசினியிலோ முற்றத்திலோ ஒரு ஆள் நடமாடுகிற சத்தம் அவவுக்குக் கேட்கும். அவவின் கடைசிக் காரியத்தைப் பிள்ளையாக நின்று நானே செய்வேன். இது உமக்கு நான் தரும் வாக்கு.

உம்முடைய மனுசன்,
உம்முடைய அம்மாவுக்கு மிஞ்சியிருக்கிற பிள்ளை,
ரூபன்
உருத்திரபுரம்