ஒன்றுக்குப் பாயிண்ட் ஆறு

ஜனவரி 25

இன்று பள்ளிக்கூடத்தில் மானம் போனது. பத்தாவது படிக்கும் என் மகள் ஏலவார்குழலிக்குக் கணக்கில் மார்க் 38. பக்கத்தில் ‘புரிதல் 0.6’ என்று புதுசாக ஒரு கட்டம். தறிக்காரனுக்குத் தெரிந்த பாயிண்ட் ஆறு ஒன்றுதான் – ஜரிகையில் இருக்கும் தங்கம். நூற்றுக்கு அவ்வளவு இருந்தாலே அசல். எழுந்து நின்று, “அசல் சரக்கு டீச்சர் என் பொண்ணு!” என்றேன். வந்திருந்த பெற்றோர் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

கணக்கு எடுக்கும் சுகாசினி டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. “இது ஒண்ணுக்குப் பாயிண்ட் ஆறுங்க. பாதிக்கு மேல புரிஞ்சிருக்குது.”

ஜனவரி 27

பட்டு நெய்யும்போதும் அதே யோசனை. டீச்சர் ஏனாத்தூர் யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்கிறாராம். பேர் ஃபஸி லாஜிக். புரிந்தது, புரியவில்லை என்று இரண்டே பெட்டி கிடையாது. வழி சரியா, எங்கே தயங்கினாள், விடை வந்ததா – எல்லாம் சேர்த்து, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஓர் எண். அட, என்ன நியாயம்!

ஜனவரி 28

என் மனைவி புவனேஸ்வரியின் குழம்புக்கு 0.7 போட்டேன். “நாளைக்கு நீயே வச்சி, நீயே ஒண்ணு போட்டுக்கோ” என்றாள்.

பிப்ரவரி 9

குழலிக்குப் பதினொன்றாவதில் கணக்கு குரூப்தான் வேண்டுமாம். பொதுத்தேர்வில் ஐம்பது எடுத்தால்தான் தருவார்கள். “வழி தெரியுதுப்பா. அவசரத்துல கூட்டல்ல வுட்டுடுறேன்.” டீச்சர் தாளிலும் அதேதான்: வழி 0.9, கூட்டல் கழித்தல் 0.3. நோயைப் பிடித்துவிட்டார்கள்! இனி தினமும் தறிப் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டுவாள், நான் விடை பார்ப்பேன்.

பிப்ரவரி 12

நான் பார்த்த விடைகளை அவள் திருத்திக்கினு இருக்கிறாள்.

மே 16

49.

ஒரே ஒரு மார்க்! நாற்பத்தொன்பதுக்குத் தெரியாதது ஐம்பதுக்கு என்னடா தெரிஞ்சிடப்போவுது?

மே 19

டீச்சர் தன் தாள்களை ஹெட்மாஸ்டர் மேசையில் பரப்பினார். ஜனவரியில் 0.6, மார்ச்சில் 0.8. “மார்க்கு ஒரு நாள் சார். இது மூணு மாசம்.” ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார் – கையெழுத்துப் போட்டுவிட்டார்! கணக்கு குரூப்! வாசலில் குழலி குதித்தாள். நானும் குதித்தேன். செருப்பு வார் அறுந்தது.

திரும்பும்போது சைக்கிளில் பின்னாலிருந்து கேட்டாள்: “பத்தாவதுல நீ எவ்ளோப்பா கணக்குல?”

“நான் எங்கமா எழுதினேன்? அதுக்குள்ள தறிக்கு வந்துட்டேனே.” வழக்கமாக எல்லாரிடமும் சொல்வதுதான்.

எழுதினேன். முப்பத்து நாலு. ஜாமெட்ரி எனக்கு நன்றாகவே வரும்.